மண்டோருக்கு வேலை

முதலில் போனது என் வலது செருப்பு.
அப்புறம் ரிமோட், பாயின் ஒரு மூலை,
கரண்டு பில் முழுசாக.
பில்லுக்காக நான் வருத்தப்படவில்லை.

கோலசிலாங்கூர் கிளினிக்கில் டாக்டர் கூய்
காதைத் தூக்கிப் பார்த்தார், ஈறைப் பார்த்தார்,
உடம்புக்கு ஒன்றுமில்லை என்றார்,
மண்டைக்குத்தான் வேலையில்லை.
அறுபது ரிங்கிட்.

மண்டைக்கு வேலையில்லாமல்
பதினோரு வருஷமாகச் சம்பளம் வாங்குகிறேன்,
நான் யாருடைய செருப்பைக் கடித்தேன்
என்று கேட்க வாய் வந்தது.
மலாய் வரவில்லை.

மண்டோர் என்று பெயர் வைத்தவன் தம்பி லோகன்.
ஐந்தரைக்கே கேட்டருகில் நின்று
வேலைக்குப் போகிறவர்களை ஒவ்வொருவராய்ப் பார்க்குமாம்,
பேர் எடுக்கிற மாதிரி.
தோட்டத்து லயத்தை உடைத்த அன்று
எந்த லோரியும் ஏற்றிக்கொள்ளாத குட்டி.
இப்போது பத்தாங் பெர்ஜுந்தை தாமானில்
இரண்டு அறை, ஒரு இரும்புக் கேட்,
எதிரே இன்னொரு இரும்புக் கேட்.

வேலை கொடுத்தேன்.
முட்டை அட்டையின் குழிகளில் நெத்திலி,
மேலே கசக்கிய பேப்பர்.
முதல் நாள் அட்டையையும் சேர்த்துத் தின்றது.
மறுநாள் பேப்பரை ஒவ்வொன்றாய் எடுத்து
பக்கத்தில் வைத்தது,
விருந்தாளி வீட்டில் சாப்பிடுகிற மாதிரி.

பழைய கைலியில் ஏழு முடிச்சு,
முடிச்சுக்கு ஒரு துண்டு ஈரல்.
கவிழ்த்த மைலோ டின் மூன்று,
ஒன்றின் கீழே மட்டும் மீன்.
நேபாளத்துப் பிமலா சொன்ன யோசனை
தேங்காய் மட்டை நாருக்குள் சோற்றைத் திணிப்பது.
அன்றைக்கு முற்றம் முழுக்க நார்,
மண்டோர் மீசையில் நார்,
குலை வெட்டிவிட்டு வந்தவன் போல
நாலு காலையும் நீட்டிக் குறட்டை.

நான் வேலை செய்வது கையுறை பேக்டரி.
காற்றை ஊதி, விளக்குக்கு நேரே பிடித்து
ஓட்டை தேட வேண்டும்.
விரல் விரலாக.
யாரோ ஐந்து விரலையும் விரித்து
போதும் போதும் என்பது போல இருக்கும்.
நான் தேடுவது கிடைத்தால் குறை.
அது தேடுவது கிடைத்தால் மீன்.
இதில் யாருக்கு வேலை, யாருக்குத் தண்டனை
என்று பிமலாவிடம் கேட்டேன்.
பேசாதே, சூப்பர்வைசர் வருகிறாள் என்றாள்.

ஆனால் பேக்டரி பஸ்ஸில்
செம்பனை வரிசைகள் ஓட ஓட
நான் இடம் தேட ஆரம்பித்திருந்தேன்.
பூச்சட்டிக்குக் கீழே.
மழைக்கோட்டுப் பையில்.
வாளியின் கைப்பிடி இடுக்கில்.
லோகனின் ஹெல்மெட்டுக்குள் வைத்த அன்று
தலையெல்லாம் கருவாடு என்று
சமிக்ஞை விளக்கிலிருந்து போன் பண்ணிக் கத்தினான்.
வரிசையில் நின்று சிரித்துவிட்டேன்.
கையிலிருந்த கையுறையும் காற்றுப் போய்ச் சுருங்கியது.
அதில் ஓட்டை இருந்ததா, தெரியாது.

பிறகு அந்த வாரம்.
ஆர்டர் அதிகம், நாலு நாள் ஓவர்டைம்.
வந்தேன், விழுந்தேன், எழுந்தேன், போனேன்.
அட்டை அடுக்கியது அடுக்கியபடி.
மண்டோர் காலி டின்னைக் கவிழ்த்துப் பார்த்து
மறுபடி அதையே பார்த்து
என்னைப் பார்க்கவில்லை.
அதுதான் என்னவோ செய்தது.

ஐந்தாம் நாள்
பேக்டரி சப்பாத்தில் காலை விட்டபோது
பெருவிரலில் ஏதோ குத்தியது.
உடை மாற்றும் அறையில், எல்லாருக்கும் முன்னால்,
தலைகீழாகத் தட்டினேன்.

ஒரு நெத்திலி.
பாதி மென்றது, தலை இல்லாதது,
காய்ந்து வளைந்தது.

பசித்த நாளுக்கென்று தனக்கு ஒளித்ததா,
எனக்கா,
மூக்கால் மட்டும் பேசுகிற ஒன்றிடம்
எப்படிக் கேட்பது?
பிமலா மூக்கைப் பொத்தினாள்.
சூப்பர்வைசர் என்ன அது என்றாள்.

ஒன்றுமில்லை என்று சொல்லி
கைக்குட்டையில் சுற்றிக்கொண்டேன்.
அன்று முழுக்க, ஒவ்வொரு கையுறையையும்
விளக்குக்கு நேரே பிடிக்கும்போது
என் விரல்களில் லேசாக மீன் வாசம்.